உள்ளே வருவது மட்டும் கணக்கு

தெளிவாங்குளத்து ஆட்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் ஆயிரம் சொல்வார்கள். பாதி கட்டுக்கதை, நம்ப வேண்டாம். ஆனால் இந்த எருமை சமாச்சாரம் மட்டும் சத்தியமாக நடந்தது. அந்த இரண்டு எருமைகளில் ஒன்றை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த ஊர்க் கீழத்தெருவில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவன் இசக்கிமுத்து நிறைய யோசிப்பான். வீட்டுக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான். நடுவுள்ளவன் கொம்பையா எங்கே சாய்ந்தாலும் தூங்கிவிடுவான். இளையவன் சுடலைக்கண்ணு கல்யாணம் ஆகாதவன். அவனுக்குச் செல்லாயி என்ற எருமையைத் தவிர இந்த உலகத்தில் வேறெதுவும் பெரிதில்லை. காலையில் அவள் முகத்தில்தான் விழிப்பான். அவள் அசைபோடுகிற சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும். வீட்டில் பெண் என்று இசக்கிமுத்துவின் பெண்சாதி சந்தனமாரி ஒருத்திதான். பக்கத்து ஊர்க்காரி, வரும்போது கொஞ்சம் விவரமாகத்தான் வந்தாள். ஏழெட்டு வருசத்தில் அந்த ஊர்க் குளத்துத் தண்ணீர் தன் வேலையைக் காட்டிவிட்டது.

இவர்களுடைய அப்பா சாகக் கிடந்தபோது மூன்று பேரையும் கட்டிலருகே கூப்பிட்டார். "எதுத்த வீட்ல இருக்க எதுவும் நம்ம வீட்ல இல்லாமப் போயிரக் கூடாதுல. ஒண்ணு கொறஞ்சாலும் என் கட்டை வேகாது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

மற்ற ஊராக இருந்தால் பிள்ளைகள் அழுது முடித்துவிட்டு மறந்துவிடுவார்கள். இவர்கள் பாடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு எதிர்வீட்டை எட்டிப் பார்த்தார்கள். அங்கே ஒரு ஆடு நின்றது. இவர்களிடம் ஆடு இல்லை. இசக்கிமுத்து சந்தைக்கு ஓடி ஒரு ஆட்டைப் பிடித்துவந்து கட்டிய பிறகுதான் பாடை கிளம்பியது. சுடுகாட்டில் நெருப்பு வைத்தால் பற்றவில்லை. முந்தின நாள் மழையில் விறகு நனைந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. எதிர்வீட்டுப் பானைக்கு வாய் உடைந்திருக்குமே என்று கொம்பையாவுக்குத்தான் ஞாபகம் வந்தது. சுடலைக்கண்ணு வீட்டுக்கு ஓடி, இருந்த நல்ல பானையின் வாயை உடைத்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். அதற்குள் விறகு காய்ந்து கட்டை நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அப்பா சொன்னது சத்தியவாக்கு என்று அன்றைக்கே மூன்று பேருக்கும் விளங்கிவிட்டது.

கொஞ்ச நாளில் எதிர்வீட்டுக்காரர் ஆட்டையும் பானையையும் எடுத்துக்கொண்டு ஊரைவிட்டே போனார். வீடு பூட்டிக் கிடந்தது. இவர்களுக்கு நிம்மதியான காலமென்றால் அதுதான். அங்கே வௌவால் அடைந்ததுதான் ஒரே குறை. கதவு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு நான்கு பேரும் இருட்டில் காத்துக் கிடந்தார்கள். சந்தனமாரி பலதடவை ஆட்டுரலில் முட்டிக்கொண்ட பிறகு, கூரை இடுக்கு வழியாக ஒரு வௌவால் வந்து விட்டத்தில் தொங்கியது. நான்கு பேரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

அந்த எதிர்வீட்டுக்குத்தான் தவசிக்கனி அண்ணாச்சி குடி வந்தார். அவருக்கு வாடகைப் பாத்திரத் தொழில். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, சாவு எதுவானாலும் நாற்காலி, அண்டா, விளக்கு என்று வாடகைக்கு அனுப்புவார். காலையில் பொருள் போகும். விசேஷம் முடிந்து சாயங்காலம் திரும்பி வரும். போர்டை மெயின் ரோட்டில் வைத்திருந்தார், தெருவுக்குள் வைத்தால் யார் பார்ப்பார்கள். இது உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அவர்களுக்குத் தெரியாது. ஊரில் யாரையாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். பதில் சொல்ல வேண்டியவரும் அதே குளத்துத் தண்ணீரைத்தானே குடிக்கிறார்.

அண்ணாச்சி தங்கமான மனுசர். வந்த அன்றைக்கே இவர்களைக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்து, இதை உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று வாய் நிறையச் சொன்னார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் படுக்கப் போனால் கட்டிலில் கொம்பையா குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அடுப்படியில் சந்தனமாரி அவருடைய புளியைக் கரைத்துக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அண்ணாச்சி கேட்டைப் பூட்டியே வைத்தார். ஆகவே அந்த வீட்டுச் சங்கதியை இவர்கள் தங்கள் வாசலில் நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

முதல் நாள் சாயங்காலமே ஒரு லாரி வந்து, நூறு சிவப்பு நாற்காலிகளை இறக்கிவிட்டுப் போனது. இசக்கிமுத்துவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இவர்கள் வீட்டில் பேருக்குக்கூட ஒரு நாற்காலி கிடையாது. மறுநாள் காலையில் ஆட்கள் வந்து அதே நாற்காலிகளை லாரியில் ஏற்றினார்கள். சுடலைக்கண்ணு ஆவலாக எண்ணத் தொடங்கினான். அண்ணன்காரன் பாய்ந்து வந்து அவன் கண்ணைப் பொத்தினான்.

"போறதப் பாக்காதல."

"ஏண்ணே?"

"வெளிய போனா அவருக்குக் கொறையும். அடுத்தவனுக்குக் கொறையுதத நின்னு எண்ணினா நம்மள மாதிரிக் கேடுகெட்டவன் உண்டா? உள்ள வாரத மட்டும் எண்ணு. வெளிய போறப்ப சொவரப் பாத்து நில்லு."

கொம்பையா அதைக் கேட்டு உருகிப்போனான். இவ்வளவு நாகரிகமான யோசனை அந்தத் தெருவில் அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. அன்றிலிருந்து எதிர்வீட்டில் பொருள் இறங்கினால் மூன்று பேரும் வாசலில் நின்று எண்ணுவார்கள். பொருள் ஏறினால் மூன்று பேரும் திரும்பிச் சுவரைப் பார்த்து நிற்பார்கள். அண்ணாச்சிக்கு இது என்ன பழக்கமென்று பிடிபடவில்லை. குலதெய்வத்துக்கு நேர்ச்சையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

நூறு நாற்காலிக்காகக் கடலைக்காட்டில் பாதியை ஒத்திக்கு வைத்தார்கள். புது நாற்காலி வந்து இறங்கி, அப்பாடா என்று மூச்சு விட்ட அன்றைக்கே எதிர்வீட்டில் லாரி வந்து நின்றது. காதுகுத்து வீட்டுக்குப் போன அதே நூறு நாற்காலி திரும்பி வந்திருந்தது. இன்னும் நூறு வாங்கிவிட்டாரே என்று இசக்கிமுத்து தலையில் கைவைத்தான். மீதிக் கடலைக்காடும் ஒத்திக்குப் போயிற்று. அடுத்த முகூர்த்தத்துக்குக் கிணற்று மோட்டார் போயிற்று. வைகாசி மாசம் வேறு, கேட்க வேண்டுமா. எதிர்வீட்டுக்கு நாற்காலி வந்தவண்ணம் இருந்தது.

இவர்கள் வீட்டில் நாற்காலியைக் கூரை முட்ட அடுக்கியாகிவிட்டது. அடுப்படிக்குப் போவதென்றால் சந்தனமாரி நாற்காலிக் கால்களுக்கு நடுவில் தவழ்ந்து போக வேண்டும். இத்தனை நாற்காலி இருந்தும் உட்கார இடமில்லாமல் நான்கு பேரும் தெருவில் வெறுந்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிடும்போதும் இசக்கிமுத்துவின் பார்வை எதிர்வீட்டில்தான். அம்புட்டு நாற்காலியையும் அவர் எங்கே வைத்திருக்கிறார் என்பது அவனுக்குப் பெரிய மர்மமாக இருந்தது. அந்த வீட்டுக்கு அடியில் பாதாள அறை இருக்கும் என்றான் கொம்பையா. அப்படியானால் நமக்கும் ஒன்று வேண்டுமே என்று உடனே மண்வெட்டியை எடுத்தார்கள். ஆள் உயரத்துக்குத் தோண்டியும் ஆயிற்று. தோண்டிய மண்ணைப் போட வீட்டில் இடமில்லாததால் அதைத் திரும்பக் குழிக்குள்ளேயே போட்டு மூடினார்கள்.

அடுத்தது அண்டா. ஊருக்கே பிரியாணி போடுகிற அண்டா ஒன்று எதிர்வீட்டில் இறங்கியதும் சந்தனமாரியின் கழுத்துச் சங்கிலி அண்டாவாக மாறியது. அதில் நான்கு பேருக்கு அரிசி போட்டால் சோறு எங்கோ பாதாளத்தில் கிடந்தது. கரண்டி எட்டவில்லை. ஆறவிட்டு, சந்தனமாரியைத் தூக்கி உள்ளே இறக்கிவிட்டால் அவள் அள்ளி அள்ளிக் கொடுப்பாள். ஒருநாள் அவளை வெளியே எடுக்க மறந்து மூன்று பேரும் சந்தைக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது அவள் கோபப்படவில்லை. வீட்டைவிட இங்கே விசாலமாக இருக்கிறது, காலை நீட்டிப் படுத்து எத்தனை நாளாயிற்று என்று உள்ளேயிருந்து சொன்னாள்.

பிறகு பொண்ணு மாப்பிள்ளை உட்காருகிற சிம்மாசன சோபா வந்தது. 'நல்வரவு' என்று எழுதிய வளைவு வந்தது. ஆள் வந்தால் கிர்ரென்று குனிந்து பன்னீர் தெளிக்கிற கரண்ட் பொம்மை வந்தது. பொம்மைக்காக ஆட்டை விற்றார்கள். எதிர்வீட்டில் இப்போது ஆடு இல்லை, ஆகவே நமக்கும் ஆடு தேவையில்லை என்று இசக்கிமுத்து தீர்ப்புச் சொன்னான். வீட்டுக்குள் இடமில்லாததால் வளைவையும் பொம்மையையும் தொழுவத்து வாசலில் வைத்தார்கள். செல்லாயி மேய்ந்துவிட்டு வரும்போதெல்லாம் பொம்மை குனிந்து அவள் முதுகில் பன்னீர் தெளித்தது. இதுவரை வாங்கியதில் பிரயோசனமான சாமான் இது ஒன்றுதான் என்று சுடலைக்கண்ணு நினைத்தான். அவன் மனசு குளிர்ந்திருந்தது அந்த ஒரு வாரம்தான்.

மறுவாரம் எதிர்வீட்டில் நீளமாக ஒரு கண்ணாடிப் பெட்டி இறங்கியது. செத்தவர்களை வைக்கிற ஐஸ் பெட்டி. தெளிவாங்குளத்தில் செத்த அன்றைக்கே எடுத்துவிடுகிற வழக்கம், அதனால் அங்கே ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. மீன் வளர்க்கிற தொட்டி என்றான் கொம்பையா. பலகாரம் வைக்கிற அலமாரியைப் படுக்கப் போட்டிருக்கிறார்கள் என்றாள் சந்தனமாரி. எதுவாக இருந்தால் என்ன, அது இவர்களிடம் இல்லை. வாங்கலாமென்றால் விற்க ஒன்றும் மிச்சமில்லை. அண்ணன்மார் இரண்டு பேரும் மதினியும் மெல்லத் திரும்பித் தொழுவத்தைப் பார்த்தார்கள்.

சுடலைக்கண்ணு ஓடிப் போய்த் தொழுவத்து வாசலை மறித்து நின்றான்.

"அண்ணே, எதுத்த வீட்ல எரும இல்ல. நம்மகிட்ட இருக்கு. அந்தவகையில நாமதானண்ணே ஒசத்தி?"

இசக்கிமுத்து அவன் தோளில் கைவைத்தான். "அப்பா கொறையக் கூடாதுன்னாவ. கூட இருக்கணும்னு சொல்லலியேல. அங்க இல்லாத எரும இங்க எதுக்கு?"

ஆட்டை விற்றபோது இதே நியாயத்துக்குச் சுடலைக்கண்ணுவும் தலையாட்டியிருந்தான்.

தவசிக்கனி அண்ணாச்சியே எருமையை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவருடைய ஆட்களுக்கு டீ போட நல்ல பால் கிடைக்காமல் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். பணத்தை முழுசாகக் கையில் கொடுத்து, வளர்பிறை பிறந்ததும் நல்ல நாள் பார்த்துப் பிடித்துக்கொள்கிறேன் என்றார். சுடலைக்கண்ணு தொழுவத்துக்குப் போய்ச் செல்லாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். விசயத்தை அவள் காதில் சொன்னான். அவள் வாலைச் சுழற்றி அவன் முகத்தில் ஒன்று போட்டாள். அவளுக்கும் மனசு சரியில்லை என்று புரிந்துகொண்டு அவன் இன்னும் அழுதான்.

பெட்டி வாங்க மூன்று பேருமாக டவுனுக்குப் போனார்கள். யாருக்கு வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். குடும்பத்துக்கு என்றான் இசக்கிமுத்து. எத்தனை நாளைக்கு என்று கேட்டார். எப்போதும் வீட்டில் இருக்கட்டும் என்றான் கொம்பையா. கடைக்காரர் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார். சுடலைக்கண்ணு எருமையை நினைத்துத் தேம்பிக்கொண்டிருந்தான். கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. விலையைக் குறைத்துக் கொடுத்து, கூலி வாங்காமல் தன் வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார்.

பெட்டியை வாசலில் வைத்து, கரண்ட் கொடுத்ததும் உள்ளே ஜில்லென்று ஆனது. வைகாசி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். கொம்பையா ஒரு கையை உள்ளே விட்டான், பிறகு ஒரு காலை விட்டான், பிறகு முழு ஆளும் உள்ளே போய்விட்டான். மூச்சு விட ஒரு இடுக்கு வைத்து மூடிக்கொண்டு, கையை நெஞ்சில் கோத்துக்கொண்டு தூங்கினான். அப்படி ஒரு தூக்கத்தை அவன் அதுவரை தூங்கியதில்லை. குளிர் தாங்காமல் மூக்கில் கொஞ்சம் பஞ்சு வேறு வைத்திருந்தான்.

நாங்குநேரியிலிருந்து அவர்களுடைய சித்தி அன்றைக்குப் பார்த்துத்தான் வந்தாள். அவள் ஊரில் ஐஸ் பெட்டியெல்லாம் சகஜம். தெருமுனையில் வரும்போதே பெட்டியைப் பார்த்துவிட்டாள், பையைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வந்து, உள்ளே கிடந்த கொம்பையாவைப் பார்த்து ஒப்பாரி வைத்தாள். தெளிவாங்குளத்தில் ஒருத்தி அழுதால் காரணம் கேட்பது மரியாதை இல்லை. தெருவே கூடி அழுதது. சந்தனமாரியும் தவழ்ந்து வெளியே வந்து அழுதாள். இசக்கிமுத்து அழுதுகொண்டே வீட்டிலிருந்த நாற்காலிகளை எடுத்து வரிசையாகப் போட்டான். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் நாற்காலி கிடைத்ததைப் பார்த்து, எதையும் முன்யோசனையோடு வாங்குகிற குடும்பம் என்று ஊர் பெருமையாகப் பேசிக்கொண்டது. யாரோ கொட்டு அடிக்க ஆள் கூட்டிவந்தார்கள்.

கொட்டுச் சத்தத்தில் கொம்பையா விழித்துக்கொண்டான். தெரு நிறைய ஆள். மெதுவாக இறங்கி வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, யார் போய்விட்டது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டான். கொம்பையா என்றார் அவர். கொம்பையா தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தான்.

"நல்ல மனுசன். யாரு வம்புக்கும் போக மாட்டான், தூங்கிக்கிட்டே இருப்பான்" என்று சொல்லித் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அந்த நேரம் பார்த்துச் சித்தி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிணத்தைக் காணவில்லை. முதல் ஒப்பாரியைவிட இரண்டாவது ஒப்பாரி பலமாகக் கிளம்பியது. தெருத்தெருவாகத் தேடினார்கள். கிணற்றில் எட்டிப் பார்த்தார்கள். கொம்பையாதான் எல்லோருக்கும் முன்னால் ஓடி வைக்கோல் படப்பைக் குத்திக் குத்திப் பார்த்தான். செல்லாயியை மேய்த்துக்கொண்டு வந்த சுடலைக்கண்ணுவும் விசயத்தைக் கேட்டுத் திகைத்து, கொம்பையாவின் கையைப் பிடித்துக்கொண்டே கொம்பையாவைத் தேடினான்.

தவசிக்கனி அண்ணாச்சி மாலையோடு வந்தார். சாவு வீட்டில் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் அவருக்கு மனசு தாங்கவில்லை. எதிர்வீட்டிலேயே ஐஸ் பெட்டியும் நாற்காலியும் வைத்துக்கொண்டு ஒருத்தன் இருக்கும்போது வெளியூரில் போய் எடுத்துவிட்டார்களே என்ற ஆதங்கம். யார் தவறியது என்று கொம்பையாவிடமே கேட்டார். கொம்பையா தேம்பிக்கொண்டே தன் பெயரைச் சொன்னான். அண்ணாச்சி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானல கொம்பையா?"

கொம்பையா குனிந்து தன்னை ஒருதரம் பார்த்துக்கொண்டான். ஆமாம் போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்டான். கூட்டம் சந்தோசமாகக் கலைந்து போனது. கொண்டுவந்த மாலையை வீணாக்க வேண்டாமென்று அதைச் செல்லாயி கழுத்தில் போட்டார்கள்.

அப்புறம்தான் அண்ணாச்சி இசக்கிமுத்துவை உட்காரவைத்து, இந்தப் பெட்டிக்கும் நாற்காலிக்கும் என்ன வாடகை கொடுத்தாய் என்று விசாரித்தார். வாடகையா, எல்லாம் சொந்தம் என்றான் இசக்கிமுத்து. காடு போனது, மோட்டார் போனது, சங்கிலி போனது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். எருமையை விற்றதும் இந்தப் பெட்டிக்குத்தான் என்றான். அண்ணாச்சி சிவப்பு நாற்காலி ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்தார். தன்னுடையது வாடகைத் தொழில், போவதுதான் திரும்பி வருகிறது, மொத்தமே நூறு நாற்காலிதான், ஒரு பெட்டிதான் என்று பொறுமையாக விளக்கினார். மூன்று பேரும் வாயைத் திறந்தபடி கேட்டார்கள்.

"அப்ப ஒங்ககிட்ட நூறுதானா அண்ணாச்சி?" என்றான் இசக்கிமுத்து.

"நூறேதான் தம்பி."

"எங்ககிட்ட எழுநூறு இருக்கு." இசக்கிமுத்து வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். "அப்பா, நிம்மதியா இருங்க."

அண்ணாச்சி எழுந்து போய்க் குடத்தில் இருந்த தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு வந்தார். இருந்தாலும் நல்ல மனுசர், விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. இந்த நாற்காலியையும் பெட்டியையும் நானே எடுத்துக்கொள்கிறேன், வருகிற வாடகையில் காட்டை மீட்டுக்கொள்ளுங்கள், எருமைக்குக் கொடுத்த பணத்தை இதில் கழித்துக்கொள்ளலாம், எருமை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். சுடலைக்கண்ணு அவர் காலில் விழப் போனான். இசக்கிமுத்து கையை நீட்டித் தடுத்தான். அவன் யோசிக்கத் தொடங்கியிருந்தான்.

"அது எப்படி அண்ணாச்சி? எரும ஒங்களுக்கு வித்தாச்சு. ஆனா இன்னும் எங்க வீட்லதான் நிக்கி. எங்களுக்குக் கொறையவே இல்லியே. கொறையாத சாமான எப்படி வாங்க? மொதல்ல அது ஒங்க வீட்டுக்கு வரணும். வந்தா எங்களுக்கு ஒண்ணு கொறையும். கொறஞ்சாத்தான் வாங்க முடியும்."

அண்ணாச்சி என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் கேட்டைத் திறந்துவிட்டார்.

சுடலைக்கண்ணுதான் செல்லாயியைப் பிடித்துக்கொண்டு போனான். வெளியே போவதைப் பார்க்கக் கூடாதே, அதனால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு போனான். உண்மையில் அவளே அவனைப் பத்திரமாகக் கூட்டிப்போனாள். எதிர்வீட்டுக் கம்பத்தில் கயிற்றைக் கட்டினான். இத்தனை வருசத்தில் அவள் வேறொரு கூரைக்குக் கீழே நின்று அவன் பார்த்ததில்லை. திரும்பி வந்து வாசலில் நின்று பார்த்தால் தொழுவம் வெறுமையாகக் கிடந்தது. பன்னீர் பொம்மைகூடச் சும்மா நின்றது. வாழ்க்கையில் முதல்தடவையாக அவனுக்கு அப்பாவின் பேச்சு முழுசாகப் புரிந்தது.

"எதுத்த வீட்ல ஒரு எரும இருக்கு. நம்மகிட்ட இல்ல" என்று இசக்கிமுத்து கணீரென்று அறிவித்தான். உடனே பேரம் முடிந்தது. அண்ணாச்சியின் ஆட்கள் வந்து நாற்காலியையும் பெட்டியையும் தூக்கினார்கள். வெளியே போகிற சாமான் என்பதால் நான்கு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். அண்ணாச்சி எருமையை அவிழ்த்துவிட்டார். அது எதிர்வீட்டிலிருந்து வெளியே போகிற பொருள், ஆகவே அப்போதும் நான்கு பேரும் சுவரையே பார்த்தார்கள். சுடலைக்கண்ணுவின் கழுத்து நரம்பு புடைத்தது. திரும்பிப் பார்க்காமல் இருக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். செல்லாயிக்கு வழி தெரியாதா என்ன. தெருவைக் கடந்து, நல்வரவு வளைவுக்குள் நுழைந்தாள். பொம்மை கிர்ரென்று குனிந்தது.

சத்தம் கேட்டு நான்கு பேரும் திரும்பினார்கள். "உள்ள ஒண்ணு" என்று எண்ணினான் கொம்பையா.

சுடலைக்கண்ணு ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டான். அவனுக்கு இதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் இசக்கிமுத்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டு விரலை மடக்கிக்கொண்டிருந்தான். நம்ம எருமை வெளியே போனதை யாராவது எண்ணினீர்களா என்று கேட்டான். வெளியே போவதை எண்ணக் கூடாதே, யாரும் எண்ணவில்லை என்றார்கள். எண்ணாதது கணக்கில் போகாது, ஆகவே பழைய எருமை இங்கேயேதான் இருக்கிறது என்றான். இப்போது ஒன்று உள்ளே வந்திருக்கிறது. ஆக மொத்தம் இரண்டு.

சுடலைக்கண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்று போய்விடும் என்று அழுதவனுக்கு இரண்டு கிடைத்திருக்கிறது. அன்றைக்கே இன்னொரு முளை அடித்து, புதுக் கயிறு கட்டி, இரண்டாவதுக்கு நல்லாயி என்று பெயர் வைத்தான். இரண்டு பேருக்கும் சமமாக வைக்கோல் போட்டான். செல்லாயி தன் பங்கைத் தின்றாள். நல்லாயி வைக்கோலைத் தொடவே இல்லை. சாணியும் போடவில்லை, கத்தவும் இல்லை. அப்படி ஒரு சாது. பிண்ணாக்கு வைத்தான், பருத்திக்கொட்டை வைத்தான், தவிட்டில் வெல்லம் கலந்து வைத்தான். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. சுடலைக்கண்ணுக்கு மனசு கேட்கவில்லை. இவள் எதிர்வீட்டிலிருந்து வந்தவள், அந்த வீட்டு ஏக்கம் பிடித்துவிட்டது என்று அவனுக்குப் பட்டது. பிரிவென்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாதா.

கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டுக் கேட்டில் போய் நின்றான். அவள் வேகத்துக்கு இசைவாக மெதுவாகவே நடந்தான். தெருவுக்கு இந்தப் பக்கம் அண்ணன்மாரும் மதினியும் சுவரைப் பார்த்து நின்றார்கள். அண்ணாச்சி கேட்டைத் திறந்து, வெறும் கயிற்றைப் பார்த்தார். சுடலைக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தார்.

"ஒங்கள நெனச்சுத்தான் அண்ணாச்சி எளைச்சுப் போயிட்டா. ஒங்ககிட்டயே இருக்கட்டும். பத்திரமாப் பாத்துக்கிடுங்க."

அண்ணாச்சியும் தெளிவாங்குளத்துக்கு வந்து இப்போது பல மாசம் ஆகியிருந்தது. குடிப்பதும் சமைப்பதும் அந்தக் குளத்துத் தண்ணீரில்தான். கையை நீட்டிக் கயிற்றை வாங்கிக்கொண்டு போய்க் கம்பத்தில் கட்டினார்.

புது இடத்தில் வேற்று ஆள் கைக்குப் பால் இறங்காது என்று மறுநாள் விடிந்ததும் சுடலைக்கண்ணு செம்பை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனான். கேட்டுக்கு வெளியே நின்று, "அண்ணாச்சி, நான் கறந்து தாரேன்" என்று குரல் கொடுத்தான். அண்ணாச்சி முண்டா பனியனோடு, கையில் சாம்பலும் வைக்கோலுமாக அவசரமாக வெளியே வந்தார். தூக்கமில்லாத கண், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசு தம்பி. ராத்திரிதான் கன்னு போட்டிருக்கா."

சுடலைக்கண்ணு கம்பத்தையும் கயிற்றையும் எட்டிப் பார்த்தான். பிறகு செம்பைக் கீழே வைக்காமலே தெருவைக் கடந்து ஓடி, தூங்கிக்கொண்டிருந்த இசக்கிமுத்துவைப் பிடித்து உலுக்கினான்.

"அண்ணே, எந்திரிங்க. எதுத்த வீட்ல கன்னுக்குட்டி இருக்கு. நம்மகிட்ட இல்ல."